படகா, திணைக்களமா, வகுப்பறையா? திருகோணமலையில் இயற்கையியலாளராக எந்த வழி

அக்காவின் மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறாள். மருத்துவ பீடம் கிடைக்காது என்று அவளுக்கே தெரியும், அதில் அவளுக்குப் பெரிய கவலையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தி, எனக்குப் பறவை, கடல், காடு என்று இதிலேயே வேலை செய்யவேணும், ஆனால் ஊரை விட்டுப் போகவும் விருப்பமில்லை, என்ன வழி இருக்கு?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, பட்டம் முடிந்து வேலை இல்லாமல் இருந்த காலத்தில் நிலாவெளிப் பக்கம் நான்கு சீசன் வழிகாட்டியாக வேலை செய்து, பிறகு பட்டதாரி ஆசிரியர் நியமனம் கிடைத்து இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், அதனால் அவள் கேட்ட வழிகளில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன். அப்படியிருந்தும் ஒரு வாரம் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். என் வகுப்பிலும் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இதே கேள்வியோடு வருகிறது.

வர்த்தமானியில் "இயற்கையியலாளர்" என்ற பெயரில் வேலை தேடினால் கிடைக்காது. பெரிய ஹோட்டல்கள் சில "நச்சுரலிஸ்ட்" என்று ஆள் எடுக்கும், மற்ற இடங்களில் அதே வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: சுற்றுலா வழிகாட்டி, வனஜீவராசிகள் உத்தியோகத்தர், ஆய்வு உதவியாளர், ஆசிரியர். ஓர் உயிரைப் பார்த்து, அது என்னவென்று சரியாக அறிந்து, பக்கத்தில் நிற்பவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் எல்லாவற்றிலும் அடிப்படை. பக்கத்தில் நிற்பவர் யார் என்பதுதான் வழிக்கு வழி மாறுகிறது, எனக்குச் சம்பளத்தைவிட அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

எல்லாரும் முதலில் நினைப்பது படகைத்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், உப்புவெளி நிலாவெளிக் கரையிலிருந்து விடியற்காலையில் திமிங்கிலம் பார்க்கப் படகுகள் போகும், வெயில் ஏறியதும் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுவார்கள். நமது கடலில் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே அடி சடாரென்று ஆழமாகிவிடும், துறைமுக வாசல் பக்கத்திலிருந்தே பெரியதொரு கடலடிப் பள்ளத்தாக்கு போகிறது, அதனால்தான் கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்றே சில நாள் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்க்க முடிகிறது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக மேலே எழும், 9 மீட்டர் வரைகூடப் போகும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்நுனியில் இடப்பக்கமாக இருப்பதால் அதன் மூச்சு முன்னுக்கு இடப்பக்கமாகச் சரிந்து வரும். தூரத்தில் தெரியும் அந்த வெள்ளைத் தூவலைப் பார்த்தே எது என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் படகில் இருந்தால் அந்தப் பயணமே வேறு மாதிரி. நான் அதைக் கற்றது புத்தகத்தில் இல்லை, என்னோடு வந்த ஓட்டியிடம்தான். அவர் மீன்பிடிக் குடும்பம், பத்தாம் வகுப்போடு நின்றவர், ஓங்கில் (டொல்பின்) கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தண்ணீரின் நிறத்தையும் ஆலாப் பறவைகள் விழுகிற இடத்தையும் பார்த்தே சொல்வார். அழுங்காமையையும் பேராமையையும் மேலிருந்து பார்த்துப் பிரித்தறியவும் அவர்தான் காட்டித் தந்தார்: அழுங்காமையின் ஓட்டுத் தகடுகள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வாய் கிளிமூக்கு மாதிரிக் கூராக இருக்கும்.

கற்றுக்கொள்வதற்குப் படகைப் போல ஓர் இடம் இல்லை என்பதை நான் எங்கேயும் சொல்வேன். தொடர்ந்து 100 நாள் ஒரே கடலுக்குப் போகும் ஆள் ஆய்வாளர்கள்கூடப் பார்க்காததைப் பார்ப்பார்.

ஆனால் படகில் யாருக்கு முன்னால் நிற்கிறோம்? காசு கொடுத்து வந்தவருக்கு முன்னால். திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு போகக்கூடாது என்று 2012இல் விதி வந்தது, அந்த விதி எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஆறு படகு ஒரே திமிங்கிலத்தைச் சுற்றி நின்று, உன் படகில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கள்" என்று கேட்டு, ஓட்டி உன் முகத்தைப் பார்க்கும்போது, "இல்லை, இதற்குமேல் வேண்டாம்" என்று சொல்ல வேண்டியது நீதான், அன்றைய டிப்ஸ் அதோடு போய்விடும். நான் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட நாட்களும் இருக்கின்றன, அந்த நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை.

புறாத்தீவிலும் அப்படித்தான். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது, கடலோடு சேர்த்து 471 ஹெக்டேயர், நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. 1998இல் கடல் சூடேறி நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது திருமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது, அப்படித் தப்பியதை நாம் காலால் மிதித்து உடைக்கிறோம். தண்ணீர் வற்றிய நேரம் நீந்தத் தெரியாதவர்கள் ஆழம் குறைந்த இடத்தில் எழுந்து நிற்பது முருகைக்கல்லின் மேல்தான். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் வழிகாட்டிகளே ஆட்களை அந்தப் பக்கம் கூட்டிப்போகிறார்கள். நல்ல வழிகாட்டி ஒருவர் இருந்தால் ஒரு நாளைக்கு இருபது பேரின் கால் கல்லில் படாது, அதற்காகவே இந்த வேலைக்கு நல்ல பிள்ளைகள் வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசனில் நன்றாக வரும். ஒக்டோபரில் வாடைக் காற்று திரும்பிவிட்டால் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். நான் இருந்த ஹோட்டலில் முதல் வருடம் "மாதச் சம்பளம்" என்று சொல்லித்தான் எடுத்தார்கள், நவம்பர் வந்ததும் "சீசன் தொடங்கினால் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள், கையெழுத்து வைத்த கடிதம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஐந்து மாதமும் அம்மாவின் காசில்தான் இருந்தேன். வேலைக்குச் சேருகிற எந்தப் பிள்ளையும் முதலில் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும், வருடத்தில் எத்தனை மாதச் சம்பளம் என்று அதில் இருக்க வேண்டும். அதோடு சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுவது நல்லது. நாடு முழுவதற்கும், குறிப்பிட்ட பிரதேசத்துக்கும், ஓர் இடத்துக்கு மட்டும் என்று வகைகள் இருக்கின்றன, ஊரிலேயே இருக்க விரும்புபவருக்குப் பிரதேச வழிகாட்டி அனுமதி போதும்.

பெண் பிள்ளை என்பதால் ஒன்று. விடிய ஐந்து மணிக்குக் கடற்கரையில் நிற்பது, நனைந்த உடுப்போடு ஆண்களுக்கு நடுவில் படகில் இருப்பது, இதைப் பற்றி ஊரில் பேசுவார்கள். என்னைப் பற்றியும் பேசினார்கள். படகில் எனக்கு ஒரு கெட்ட அனுபவமும் நடக்கவில்லை, ஓட்டிமார் "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள், தொந்தரவு வந்ததெல்லாம் கரையில் இருந்தவர்களின் வாயால்தான். அக்கா இதை வாசிப்பாள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அடுத்தது வனஜீவராசிகள் திணைக்களம். 1949இலிருந்து இருக்கிற திணைக்களம், அரச வேலை, ஓய்வூதியம், சீருடை. அத்தானுக்குப் பிடித்த வழி இதுவாகத்தான் இருக்கும். வழிகாட்டி கெஞ்சத்தான் முடியும், உத்தியோகத்தர் படகைத் திருப்பி அனுப்பலாம், வழக்குப் போடலாம், அந்த அதிகாரம் வேறு எந்த வழியிலும் இல்லை. ஆனால் திணைக்களத்தில் சேர்ந்தால் புறாத்தீவில் முருகைக்கல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. நமது மாவட்டத்தில் அவர்களுடைய பெரிய வேலை யானை. கந்தளாய், மூதூர், சேருநுவர, குச்சவெளி என்று எங்கே பார்த்தாலும் இரவில் வயலுக்கு யானை வந்துவிட்டது என்று அழைப்பு வரும், யானை வெடியோடு போக வேண்டும், விடிந்தால் செத்த யானைக்கோ செத்த மனிதனுக்கோ அறிக்கை எழுத வேண்டும். என்னோடு படித்த ஒருவர் அந்த வேலையில் இருக்கிறார், அவரை நான் மிகவும் மதிக்கிறேன், அவர் கடைசியாகப் பறவை பார்க்கப் போனது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. இடமாற்றம் நாடு முழுவதும் வரும், சிங்களம் நன்றாகப் பேசவும் எழுதவும் வேண்டும். ஊரை விட்டுப் போக விருப்பமில்லை என்று சொல்பவளுக்கு இது சரிவராது. இரவில் காட்டுக்குள் போகப் பயமில்லாத, சிங்களம் தெரிந்த, எங்கே போட்டாலும் போகத் தயாரான பிள்ளை என்றால் தாராளமாகப் போகலாம், தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் கூடினால் மூதூர்ப் பக்க விவசாயிக்கும் திணைக்களத்துக்கும் நடுவில் இருக்கிற பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பல்கலைக்கழக வழியைப் பற்றி இரண்டு விதமான எண்ணம் எனக்கு இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் வீட்டுக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே விலங்கியல் இல்லை, அதற்கு வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். அனுமதியில் திருகோணமலை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் கொஞ்சம் சாதகம் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும், முதல் வருடம் கஷ்டமாக இருக்கும், பிறகு அந்த ஆங்கிலம்தான் எல்லா வாசலையும் திறக்கும். பட்டத்தால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், ஒரு விஷயத்தை நம்புவதற்கு முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம். அதன் பிறகு ஆய்வுத் துறையில் நிற்க வேண்டும் என்றால் பெரும்பாலும் கொழும்புதான், கடல்வள ஆய்வு செய்யும் நாரா நிறுவனமும் அங்கேதான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று வந்து திருமலைக்கு அப்பால் ஸ்பேர்ம் திமிங்கிலங்களை ஆராய்ந்தது, உலகம் நமது கடலைப் பற்றி எழுதியது, 1983க்குப் பிறகு யுத்தம், அதோடு எல்லாம் நின்றது. இத்தனை வருடத்தில் அந்தத் திமிங்கிலங்களைப் பற்றித் தமிழில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்கும்படி ஒன்றும் என் கைக்கு வந்து சேரவில்லை. கடல்வாழ் பாலூட்டிகளில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையரான ஆஷா டி வோஸ், வெளியிலிருந்து வந்து ஆராய்ந்துவிட்டுப் போகும் முறை போதாது, அந்தந்தக் கரையில் இருப்பவர்களே தங்கள் கடலைக் கற்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார், அதற்காகவே ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பையும் தொடங்கினார். அவர் சொல்வது நிலாவெளிக்கும் மூதூருக்கும் அப்படியே பொருந்தும்.

தொண்டு நிறுவன வேலை பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. திட்டம் வரும்போது கண்டல் நடுவார்கள், பட்டறை நடக்கும், காசு முடிந்தால் அலுவலகத்துக்குப் பூட்டு. அனுபவத்துக்கு ஒரு வருடம் போகலாம், அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

வகுப்பறைக்கு வருகிறேன். சின்ன வகுப்புகளில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது, மேலே போனால் விஞ்ஞானம், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் வேறு. சம்பளம் பெரிதில்லை, மாதாமாதம் வரும். பட்டம் கிடைக்காவிட்டாலும் உயர்தரப் பெறுபேற்றோடு தாழங்குடாக் கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். தொல்லைகள் இருக்கின்றன: பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக அதிபர், வலயக் கல்வி அலுவலகம், பெற்றோர் என்று எல்லாரிடமும் அனுமதி வாங்க வேண்டும், கடல் என்றால் கிட்டத்தட்ட முடியாது, பாடத்திட்டம் முடியவில்லை என்று தவணைக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்பார்கள். பறவையே பார்க்காமல் பறவை பற்றிய பாடத்தை முடிக்கும் ஆசிரியராகி விடுவது மிகவும் சுலபம், நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு வெளியே போக அனுமதி தேவைப்படாத இடத்திலிருந்து தொடங்கினேன். நமது ஊரில் புள்ளிமான் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் அவை நம்மோடு நடக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டுக்குப் போகும் வழியில் கண்ட மான்கள் எத்தனை, அவற்றில் கொம்புள்ளவை எத்தனை, எதைத் தின்றன என்று ஒரு மாதம் எழுதச் சொன்னேன். பாதிப் பேரின் கொப்பியில் "பொலித்தீன்" என்று இருந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களே பார்த்து எழுதினார்கள், அடுத்த வாரம் நான்கு பிள்ளைகள் சாப்பாட்டை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு தடவை அலஸ்தோட்டத்துப் பையன் ஒருவன் தன் அப்பப்பாவிடம் கேட்டு 31 மீன்களின் பெயரை எழுதி வந்தான், அதில் பாதி எனக்குத் தெரியாத பெயர்கள். ஹோட்டலில் இருந்த நான்கு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆமை காட்டியிருப்பேன், அவர்கள் படம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இந்தப் பிள்ளைகள் இங்கேயே இருக்கப் போகிறவர்கள், இவர்களில் சிலர் படகு ஓட்டுவார்கள், சிலர் வலை போடுவார்கள், ஒருவர் பிரதேச சபையிலும் இருக்கலாம்.

அதற்காக வகுப்பறைதான் சிறந்தது என்று முடித்துவிட நான் தயாரில்லை. படகில் போகாமல் நேராக ஆசிரியராகியிருந்தால் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. இந்த யோசனையில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது: நமது ஊரில் இவை ஒன்றோடொன்று மோதும் வழிகளே இல்லை. சோளகக் காற்று வீசும் காலம் கடலுக்கு, ஓகஸ்ட் பள்ளி விடுமுறை அந்தச் சீசனின் நடுவில் விழுகிறது. வாடைக்காலத்தில் கடல் மூடிக்கிடக்கும்போது வடக்கே இருந்து பறவைகள் வந்துவிடுகின்றன, பெரிய கரைச்சிக் களப்புப் பக்கமும் தம்பலகாமக் குடாப் பக்கமும் கொக்கிளாயிலும் உள்ளான்கள், ஆலாக்கள், சில வருடம் பூநாரைகளும் நிற்கின்றன, பார்க்கக் காசும் வேண்டாம், படகும் வேண்டாம். வழிகாட்டிகள் "வேலை இல்லை" என்று இருக்கும் அந்த மாதங்கள்தான் பறவைகளுக்குச் சீசன். வருடம் முழுக்க நமது ஊரில் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது, ஒரு வேலையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அதில் பாதிதான் தெரியும்.

சரி, அவளுக்கு என் பதில். மதிப்பெண் போதும் என்றால் வந்தாறுமூலையில் விலங்கியல், பஸ்ஸில் சில மணி நேரம்தான், ஊரை விட்டுப் போனதாகவே ஆகாது. சீசனில் விடுமுறை கிடைக்கிற போதெல்லாம் படகில் ஏறு, சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஓட்டியிடம் நான் பேசுகிறேன். பட்டம் முடிந்ததும் ஆசிரியர் நியமனத்துக்குப் போடு, பிரதேச வழிகாட்டி அனுமதியையும் எடுத்து வை. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் தாழங்குடா, அதிலும் மற்றதெல்லாம் இப்படியே. படகை மட்டும் நம்பி இப்போதே இறங்க வேண்டாம். மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டால் அவனுக்கு நேர்மாறாகச் சொல்வேன்: நீ படகிலேயே இரு, ஆங்கிலம் படி, அனுமதிப்பத்திரம் எடு, வாடைக்காலத்தில் என் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளோடு பேசு.

பெறுபேறு வர இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை வீட்டில் சும்மா இருக்காமல் சிங்கள வகுப்புக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், போனில் பறவைகளை இனங்காண உதவும் மெர்லின் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவதோடு ஒரு கொப்பியிலும் தமிழ்ப் பெயரோடு எழுத வேண்டும் என்றும் சொன்னேன். தொலைநோக்கி வாங்க வேண்டும் என்று கேட்டாள். இப்போதைக்கு என்னுடைய பழைய 8×42 போதும், வாங்குவதென்றால் பட்டம் முடியட்டும். பறவைகள் வடக்கே திரும்புவதற்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, அதனால் வருகிற சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் குச்சவெளிப் பக்கம் போகிறோம், இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி இறங்கிக் கரைச்சி ஓரமாக நடப்போம். அக்காவும் வருகிறாளாம். அத்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பி மட்டும் வாங்கி வந்திருக்கிறார், மூன்று.